மாற்றாந்தாயும் மாறாத மனமும்

"மாற்றாந்தாய் மனப்பான்மை!" மேடையிலே இந்தச் சொல் முழங்காத நாள் உண்டா, தோழர்களே? நிதி குறைந்ததா? மாற்றாந்தாய் மனப்பான்மை! இரயில் பாதை வரவில்லையா? மாற்றாந்தாய் மனப்பான்மை! புயல் நிவாரணம் போதவில்லையா? அதுவும் மாற்றாந்தாய் மனப்பான்மை! டில்லியை இடித்துரைக்க இதைவிடக் கூரிய சொல் இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். கூட்டம் கை தட்டுகிறது. மறுநாள் ஏடுகள் அதையே தலைப்பாக்குகின்றன. டில்லிக்கோ, கீறல்கூட இல்லை! அப்படியானால் எறிந்த ஈட்டி எங்கே தைத்தது? அதைச் சொல்லத்தான் எழுதுகோலை எடுத்தோம்.

குற்றவாளிக் கூண்டிலே முதலில் ஏறி நிற்க வேண்டியவர் நாமே. ஆகவே நம் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் ஆசிரியப் பணி புரிவது திருப்பூர்ப் பகுதியிலே. பனியன் கம்பெனி இயந்திரங்களின் ஓசை வகுப்பறைச் சன்னலைத் தட்டிக்கொண்டே இருக்கும் இடம். பவர் டேபிளில் தைப்பவரின் மகன், செக்கிங் பிரிவிலே துணி பார்ப்பவளின் மகள், கைமடிக்கும் பெண்ணின் பிள்ளை — இவர்களே நம் மாணவர்கள். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடன் அடைத்து, திங்கட்கிழமை மீண்டும் இயந்திரத்தின் முன் அமரும் மக்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்காக, மாநில உரிமை என்னும் பொருளிலே மாணவன் ஒருவனுக்குச் சொற்பொழிவு எழுதிக் கொடுத்தோம். அதிலே மூன்று இடங்களில் அந்தச் சொல்லைப் பதித்தோம். பையன் நன்றாகப் பேசினான்; மூன்று இடத்திலும் கையொலி. நமக்கும் பெருமைதான்! விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அருகே வந்து நின்றாள். நெடுநேரம் தயங்கிவிட்டுக் கேட்டாள்:

"சார், எங்க சின்னம்மா அப்படி இல்லீங்களே?"

அந்தப் பெண்ணின் தாய் இறந்து ஆண்டுகள் சில ஆகின்றன. தந்தை தையற்காரர். அவர் வேலை செய்த கம்பெனியிலேயே செக்கிங் பிரிவில் இருந்த, கணவனை இழந்த ஒரு பெண்ணை மணந்துகொண்டார். அவளுக்கும் ஒரு மகன். இரு பிள்ளைகளும் ஒரே வகுப்பு. ஒரே லைன் வீடு, ஒரே அடுப்பு, ஒரே மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் அடுக்கிய புத்தகங்கள். ஆனால் தலைப்பெழுத்து மட்டும் இரண்டு! வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது அவள் பெயருக்கு முன் ஓர் எழுத்து. அவன் பெயருக்கு முன் வேறோர் எழுத்து. "அவன் உனக்கு நிஜ அண்ணனா?" என்று தோழியர் கேட்பார்கள். "உங்க சித்தி அடிப்பாளா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். இரவு ஒன்றரை ஷிப்டு முடித்து வந்து இரண்டு பிள்ளைகளின் சீருடையையும் துவைத்துப் போடும் ஒருத்தியைப் பற்றி, ஊரே இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊரோடு நாமும் சேர்ந்துகொண்டோம், ஒலிபெருக்கி வைத்து!

அந்தப் பிள்ளைக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. விடை இல்லாததால் அல்ல, வெட்கத்தால். இந்தக் கட்டுரையே அந்த விடை.

* * *

பகுத்தறிவு பேசுகிறோம். 'கணவனை இழந்தவள் மூலையிலே முடங்க வேண்டும்' என்று சொன்ன சாத்திரத்தைச் சாடினோம். மறுமணம் செய்துகொள் என்றோம். செய்துகொண்டாள். மாலையிட்டோம், வாழ்த்திப் பேசினோம், அடுத்த கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டோம். மணமேடைக்குக் கீழே, அவளுடைய குழந்தை நின்றுகொண்டிருந்தது. அந்தக் குழந்தை மறுநாள் எந்த வீட்டில் விழித்தது, யாரை என்ன சொல்லி அழைத்தது, அதன் பெயருக்கு முன் எந்த எழுத்து எழுதப்பட்டது — கேட்டோமா? கேட்கவில்லை! மறுமணத்தைக் கொண்டாடிய நாம், மறுமணம் உண்டாக்கிய குடும்பத்தை மறந்தோம். மறந்ததோடு நில்லாமல், அந்தக் குடும்பத்தின் தாயையே கொடுமைக்கு உவமையாக்கினோம்! சீர்திருத்தம் மணமேடையோடு நின்றுவிட்டது என்பதே நாம் சாட்டும் குற்றம்.

இந்த உவமை எங்கிருந்து வந்தது? பழங்கதைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இராமனைக் காட்டுக்கு ஓட்டிய கைகேயி. தந்தையின் மடியிலே ஏறப்போன துருவனை விரட்டிய சுருசி. கதாகாலட்சேபக்காரர் கண்ணீர் மல்கச் சொன்னார். கேட்டவர்கள் கண்ணீர் மல்கக் கேட்டார்கள். 'சிற்றன்னை என்றாலே கொடியவள்' என்ற பாடம், எழுத்தறியாதவன் நெஞ்சிலும் எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் கதையைச் சற்றுப் பகுத்துப் பாருங்கள். தசரதனுக்கு எத்தனை மனைவியர்? உத்தானபாதனுக்கு எத்தனை மனைவியர்? கோசலை உயிரோடு இருக்கிறாள். சுநீதியும் உயிரோடு இருக்கிறாள். இவர்கள் ஒருத்தி இறந்தபின் மற்றொருத்தியாக வந்தவர்கள் அல்லர். ஒரே வேளையில் ஒரே ஆண்மகனுக்கு உடைமையாக்கப்பட்ட பெண்கள். அரியணை ஒன்று, பிள்ளைகள் பலர். எவள் பிள்ளைக்கு அரசு? இதுதான் வழக்கு! பலதார மணமும் மூத்தவனுக்கே முடி என்ற முறையும் சேர்ந்து மூட்டிய தீ அது. தீயை மூட்டிய அரசன் 'பாவம், பாசத்துக்கு அடிமை' என்று தப்பித்துக்கொண்டான். பழி முழுவதும் பெண்ணின் தலையிலே!

சொல்லையே எடுத்துப் பாருங்கள். மாற்றாள் என்றால் சக்களத்தி. மாற்றான் என்றால் பகைவன். மாற்றாந்தாய் என்ற சொல்லிலே அந்தப் பகையின் மணம் இன்னும் வீசுகிறது. சக்களத்திச் சண்டை நடந்த அந்தப்புரத்திலே பிறந்த சொல் அது. சென்னை மாகாணத்திலே 1949ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுவதற்குமாக 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும், இந்து ஆண்மகன் மனைவி இருக்க மற்றொருத்தியை மணப்பதைத் தடை செய்தன. அந்தப்புரம் போயிற்று, அரசும் போயிற்று, ஆனால் அந்தச் சொல் மட்டும் போகவில்லை! திருப்பூர் லைன் வீட்டிலே, இறந்துபோன ஒருத்தியின் பிள்ளைக்குத் தலை வாரிவிடும் தொழிலாளிப் பெண்ணின் மேல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் பறித்துக்கொள்ள அங்கே அரியணையா இருக்கிறது? வார வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டிகூட இல்லையே!

* * *

'இந்தப் பழி நம் நாட்டுப் புராணத்தின் வேலை மட்டும்தானா?' என்று கேட்பீர்கள். அல்ல. உலகமெங்கும் இதே திருவிளையாடல்தான்.

ஜெர்மனி நாட்டிலே கிரிம் சகோதரர்கள் என்ற இரு அறிஞர்கள் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார்கள். 1812ஆம் ஆண்டு முதற்பதிப்பிலே, பனிவெண்மையாள் கதையில் மகளின் அழகைப் பொறாமல் அவளைக் கொல்லத் துணிந்தவள் யார் தெரியுமா? பெற்ற தாய்! ஆம், வயிற்றிலே சுமந்து பெற்றவள்! 1819ஆம் ஆண்டுப் பதிப்பிலே அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். காட்டிலே பிள்ளைகளைத் தவிக்கவிட்ட ஹேன்சல், கிரெட்டல் கதையின் தாயும் இப்படியே 1840ஆம் ஆண்டுப் பதிப்பிலே மாற்றாந்தாய் ஆனாள். தாய்மை புனிதம், புனிதத்துக்கு மாசு வரலாமா? மாசை எடுத்து மற்றொருத்தியின் மேல் அப்பிவிட்டால் போயிற்று! பெற்றவளைத் தெய்வமாக்கிப் பீடத்தில் ஏற்ற, வளர்க்க வந்தவளைப் பேயாக்கி அடியிலே புதைத்தார்கள். இது ஜெர்மானியத் தந்திரம் மட்டுமா? 'தாயிற் சிறந்த கோயிலுமில்லை' என்று பாடம் நடத்திவிட்டு, அடுத்த பாடவேளையில் மாற்றாந்தாய் மனப்பான்மை பேசும் நாமும் அதே தந்திரத்தின் மாணாக்கர்களே.

ஆங்கிலத்திலே இவ்வுறவுக்கு முன்னால் ஒட்டும் 'ஸ்டெப்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பொருள் என்ன? இழப்புற்ற, பெற்றோரை இழந்த என்பது. அதாவது, அந்தச் சொல் பிறந்தபோது அதிலே வெறுப்பு இல்லை, துயரம்தான் இருந்தது. குழந்தையின் இழப்பைச் சொன்ன சொல், நாளடைவில் தாயின் கொடுமையைச் சொல்லும் சொல்லாகத் திரிந்தது. பிரெஞ்சுக்காரர்களோ இவளை அழகிய தாய் என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். மாமியாருக்கும் அதே சொல்தான்! சுவீடன் நாட்டார் அண்மைக் காலத்தில் வேறொரு வழி கண்டார்கள். 'போனஸ் அம்மா', 'போனஸ் பிள்ளை' என்கிறார்கள். தீபாவளி போனசுக்காகக் காத்திருக்கும் திருப்பூர்த் தொழிலாளிக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை! கணக்கிலே சேராமல், மேற்கொண்டு கிடைத்த அன்பு என்று பொருள். சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்காதீர்கள். 'பள்ளன், பறையன்' என்று இழித்தழைத்த நாவைத் திருத்தப் போராடிய இயக்கத்தின் பிள்ளைகள், சொல்லின் வலிமையைப் பிறரிடமிருந்து கற்கவேண்டியதில்லை.

நம் தமிழ் இதிலே ஏழையும் அல்ல. சித்தி என்கிறோம், சின்னம்மா என்கிறோம். சிற்றன்னை — சின்ன அளவிலேனும் அன்னை! தாயின் தங்கைக்கும் அதே சொல்தான். ஆகவே அதிலே பகை இல்லை, உறவு இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைத் திறந்து பாருங்கள். மணிமேகலை மாதவி பெற்ற மகள். கண்ணகிக்கோ பிள்ளை இல்லை. கோவலன் செய்த கொடுமையால் எரிந்த வீடு கண்ணகியுடையது. ஆயினும் அந்த மாதவியே, தன் மகளைக் கண்ணகியின் மகள் என்று உரைக்கிறாள்! மணிமேகலையும் வஞ்சி மாநகர் சென்று, கண்ணகியின் கோட்டத்திலே தாயென்றே அவளைத் தொழுகிறாள். கோவலனை மன்னிக்க நாம் இதை எடுத்துக்காட்டவில்லை. பெறாதவளையும் தாய் என்று கொள்ளும் உள்ளம் தமிழனுக்குப் புதிதன்று என்று காட்டவே எடுத்துக்காட்டுகிறோம். கைகேயியை மனப்பாடம் செய்த நாம், கண்ணகியின் மகளை ஏன் மறந்தோம்?

* * *

மறந்ததற்குக் காரணம் உண்டு. அதன் பெயர் சாதிப் பெருமை.

உழைக்கும் மக்களிடையே, தமிழகத்தில் பல சமூகங்களில், கணவனை இழந்தவளோ, பிரிந்தவளோ மறுபடி மணப்பது வழக்கமாகவே இருந்தது. 'அறுத்துக் கட்டுவது' என்று அதற்குப் பெயர். மேல்சாதிக்காரன் அதைச் சொல்லியே அவர்களை இழித்தான். 'அறுத்துக் கட்டும் சாதி' என்பது வசைச்சொல் ஆயிற்று. பிறகு என்ன நடந்தது? நாலு காசு சேர்ந்ததும், அந்தச் சமூகங்களும் மேல்சாதியைப் பார்த்து நடக்கத் தொடங்கின. தம் வீட்டுப் பெண்ணையும் மூலையிலே உட்கார்த்தின. பெண்ணின் விடுதலையை விற்று வாங்கிய பெருமை!

வெள்ளையன் ஆட்சியில் 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம் வந்தது என்று பாடநூலில் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளே என்ன இருந்தது? மறுமணம் செய்துகொண்டால், முதற்கணவன் சொத்திலே அவளுக்கிருந்த உரிமை, அவள் அன்றே இறந்துவிட்டாள் என்பது போல, நீங்கும்! அவள் பெற்ற பிள்ளைகளுக்கு வேறு காப்பாளரை அமர்த்துமாறு கணவனின் உறவினர் நீதிமன்றம் செல்லவும் அதிலே வழி வைத்திருந்தார்கள். ஒரு கையால் மாலை; மறு கையால் பிள்ளையைப் பிடுங்குதல்! 1983ஆம் ஆண்டிலேதான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

இந்த இருட்டிலே விளக்கேற்றியவர்களை நாம் அறிவோம். திருப்பூருக்குப் பக்கத்து ஈரோட்டிலே, தம் வீட்டிலேயே சிறுவயதில் கணவனை இழந்த தங்கை மகளுக்கு, உற்றாரின் எதிர்ப்பையும் பாராமல், 1909ஆம் ஆண்டிலே பெரியார் மறுமணம் செய்துவைத்தார். 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் விதவைக்கு மறுமணமும் வேண்டுமென்று தீர்மானித்தது. 1967ஆம் ஆண்டு அறிஞர் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலே விதவை மறுமண உதவித் திட்டமும் இந்த மாநிலத்திலே உண்டு. அண்ணாவே, பெற்ற தாய் பங்காரு அம்மாளாயினும், 'தொத்தா' என்று அவர் அழைத்த இராசாமணி அம்மையாரின் கையில் வளர்ந்தவர். பெற்றால்தான் தாய் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இவ்வளவு செய்த பிறகும் வழக்கம் எப்படி இருக்கிறது? மனைவியை இழந்தவனுக்கு, 'பிள்ளைகளுக்குச் சோறாக்க ஆள் வேண்டாமா?' என்று, ஆண்டு திரும்புமுன் பெண் தேடுகிறார்கள். பல வேளைகளில் இறந்தவளின் தங்கையையே, அவள் விருப்பத்தைக் கேளாமல், 'அக்காள் பிள்ளைகளுக்காக' என்று தள்ளிவிடுகிறார்கள். கணவனை இழந்தவளுக்கோ, 'இரண்டு பிள்ளை இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கல்யாணம்?' என்று கேட்கிறார்கள். அவனுக்குப் பிள்ளை இருப்பது மணத்துக்குக் காரணம். அவளுக்குப் பிள்ளை இருப்பது மணத்துக்குத் தடை! என்ன நீதி இது?

* * *

சட்டமாவது இந்தக் குடும்பத்தை ஒழுங்காகப் பார்க்கிறதா? இளைஞர்கள் இதைக் கருத்தாகப் படிக்க வேண்டும்.

1956ஆம் ஆண்டு இந்து சிறார், காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளரைப் பற்றிச் சொல்லும் இடத்தில், 'தந்தை, தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கார்' என்று விளக்கம் தருகிறது. அதே ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்திலும், உயில் எழுதாமல் இறந்தவரின் மகன், மகள் என்ற வரிசையில், வாழ்க்கைத் துணையின் முதல் மணத்துப் பிள்ளைக்கு இடமில்லை. 1987ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும், சிற்றன்னையின் சொத்துக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளை 'மகன்' என்ற முறையில் வாரிசாகான். கணவனின் வாரிசு என்ற முறையில் பின்வரிசையிலேதான் வருவான் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு ஒரே தட்டில் உண்டவனும், சட்டத்தின் முன்னே அயலான்!

சரி, சோறு போடும் கடமை? அங்கேதான் வேடிக்கை! 1956ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டம், வயதான பெற்றோர் என்ற சொல்லிலே பிள்ளையில்லாத சிற்றன்னையைச் சேர்க்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோர் என்பதிலே மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் சேர்க்கிறது. நல்லதே. முதியோரைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை பாலகனாய் இருக்கையிலே அவனைக் காக்கும் கடமையை எந்தச் சட்டம் சிற்றப்பனுக்கு விதித்தது? 1956ஆம் ஆண்டுச் சட்டமும், 2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், ஒருவன் 'தன்' பிள்ளையைக் காக்கும்படிதான் சொல்கின்றன. வளர்ந்தபின் நீ எனக்கு மகன். வளரும்போது நீ யாரோ! இது குடும்பமா, ஒருதலை ஒப்பந்தமா?

நீதிமன்றம் சில வேளைகளில் சட்டத்தைவிட முன்னே நடந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டிலே ஒரு வழக்கு. கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட தாய் ஒருத்தி, தன் குழந்தைக்குப் புதிய கணவனின் குடும்பப் பெயரைத் தந்தாள். இறந்தவனின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றம், ஆவணங்களிலே அவரை 'மாற்றாந்தந்தை' என்று குறிக்கும்படி சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. அது குழந்தையின் மனநலத்தையும் தன்மதிப்பையும் எண்ணிப் பாராத கொடுமை என்றும், குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யத் தாய்க்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. பள்ளிப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது!

அதே ஆண்டிலே மற்றொரு வழக்கு. சண்டிகரிலே ஒரு செவிலி, கணவனின் முதல் மணத்துப் பிள்ளைகளை வளர்க்க விடுப்பு எடுத்திருந்தாள். தனக்கெனக் குழந்தை பிறந்தபோது, 'உனக்குத்தான் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே!' என்று மகப்பேறு விடுப்பை மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் மறுப்பைத் தள்ளியது. மறுமணத்தால் அமைந்த குடும்பமும் குடும்பமே, அதற்கும் சட்டத்தின் காப்பு உண்டு என்றது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் மணம் முறிந்தது. அதிலே பிறந்த இரு பிள்ளைகளும் தந்தையிடம். 2018ஆம் ஆண்டு மறுமணம். அந்த மணத்திலே முதற்குழந்தை வரும் வேளை, 2021ஆம் ஆண்டு, மகப்பேறு விடுப்பு கேட்டார். மறுத்தது யார்? நம் தமிழ்நாட்டு அரசு நிர்வாகம்! இரண்டு குழந்தைகள் உயிரோடு இருக்கின்றனவாம். ஆகவே விதியிலே இடமில்லையாம்! உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி விடுப்புத் தரச் சொன்னார். அரசு மேல்முறையீடு சென்றது. இரு நீதிபதிகள் அமர்வு அரசின் பக்கம் நின்றது. கடைசியில் 2025ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் அந்த ஆசிரியைக்கு நீதி வழங்கியது. மறுமணத்துக்கு உதவித் தொகையும் தாலிக்குத் தங்கமும் தரும் அரசு, மறுமணத்திலே பிறக்கும் குழந்தைக்கு விடுப்புத் தர நான்காண்டு வழக்காடியது! இதற்கு என்ன பெயர் வைப்பது? மாற்றாந்தாய் மனப்பான்மை என்றா? வேண்டாம், தோழர்களே! எந்தச் சிற்றன்னையும் இப்படி மேல்முறையீடு செய்யமாட்டாள். 'குமாஸ்தா மனப்பான்மை' என்று வேண்டுமானால் வைப்போம்!

* * *

'ஏட்டிலே நாள்தோறும் படிக்கிறோமே! சூடு போட்ட சித்தி, கெடுத்த சித்தப்பன் — இவையெல்லாம் பொய்யா?' என்று கேட்பவர் உண்டு. பொய்யல்ல. அத்தகைய கொடுமை நடக்கும் இடத்திலே நாம் எவருக்கும் வக்காலத்து வாங்கமாட்டோம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம், தாயோடு வாழும் ஆண்மகன் அவள் பிள்ளைக்குக் கேடு செய்தால் கடுந்தண்டனை விதிக்கிறது. 1098 என்ற எண்ணை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதிப்போடுகிறோம். ஆனால் ஒன்று கேட்போம். பெற்ற தந்தை குடித்துவிட்டு மகனை அடித்தால் ஏடு என்ன எழுதுகிறது? 'குடிகாரன் வெறியாட்டம்' என்று எழுதுகிறது. சிற்றன்னை அடித்தால் மட்டும் 'சித்தி கொடுமை' என்கிறது. அங்கே குற்றம் குடியினுடையது. இங்கே குற்றம் உறவினுடையது! ஒரு கொடியவளால் உறவே கொடியதாகிவிடுமானால், குப்பைத் தொட்டியிலே குழந்தையை வீசியவளால் தாய்மையே கொடியதாகிவிட வேண்டுமே! குற்றத்தைத் தண்டியுங்கள், உறவைத் தண்டிக்காதீர்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு. இத்தகைய வீட்டிலே முதல் நாளிலேயே பாலாறும் தேனாறும் ஓடுவதில்லை. இறந்த தாயின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தால் பிள்ளையின் நெஞ்சு வெடிக்கும். புதியவரிடம் சிரித்துப் பேசினால் பழையவருக்குத் துரோகம் செய்ததாகச் சிறு மனம் மருகும். சிற்றன்னை கண்டித்தால் 'கொடுமை', கண்டிக்காவிட்டால் 'அக்கறையில்லை'. பெற்றவள் ஓங்கிய கையை ஊர் பார்ப்பதில்லை. இவள் நிமிர்த்திய விரலையும் ஊர் எண்ணுகிறது! அதனால் அவள் அஞ்சி அஞ்சி அன்பு காட்டுகிறாள். அந்த அச்சத்தை அவளுக்குத் தந்தது யார்? கதை சொன்ன பாட்டியும், கை தட்டிய நாமும்.

ஆகவே வேலைகள் சில நமக்கு உண்டு. முதல் வேலை, நம் மேடைகளிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் அந்தச் சொல்லை நீக்குவது. டில்லி ஓரவஞ்சனை செய்தால் ஓரவஞ்சனை என்போம், பாரபட்சம் என்போம், வஞ்சகம் என்போம். தமிழிலே சொல்லுக்கா பஞ்சம்? ஒரு தொழிலாளிப் பெண்ணை இழிவுபடுத்தாமல் ஓர் அரசைச் சாட முடியவில்லை என்றால், அது நம் நாவன்மைக்கே இழுக்கு.

இரண்டாவது, பள்ளி. பதிவேட்டைப் படிக்கும்போது பெயரை மட்டும் படிப்போம். தலைப்பெழுத்தை விசாரணைப் பொருளாக்கமாட்டோம். 'பெற்றோரை அழைத்து வா' என்றால், வந்து நிற்பவர் யாராயினும், வளர்ப்பவரே பெற்றோர்.

மூன்றாவது, மணமேடை. மறுமணம் நடத்திவைக்கும் தோழர்கள், பிள்ளைகளையும் மேடையேற்றுங்கள். அவர்களோடு முன்கூட்டிப் பேசுங்கள். 'அப்பா' என்று அழைக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். சித்தப்பா என்றோ, பெயர் சொல்லியோ அழைக்கட்டும். இறந்தவரின் படம் புதிய வீட்டின் சுவரிலும் தொங்கட்டும். உயில் எழுதவும், விரும்பினால் முறைப்படி தத்தெடுக்கவும் வழி இருக்கிறது என்று வாழ்த்துரையோடு சேர்த்துச் சொல்லுங்கள். தத்தெடுத்துவிட்டால் வாரிசுரிமை தானே வரும். இரண்டு மணி நேரச் சொற்பொழிவைவிட இந்த இரண்டு வரி பயன்படும்.

நான்காவது, சட்டம். வளர்த்தவருக்கு உரிமை உண்டென்றால், வளரும் பிள்ளைக்கும் உரிமை உண்டு. காக்கும் கடமை இருபக்கமும் ஓடும்படி சட்டம் திருந்த வேண்டும் என்று, மாநாடுதோறும் தீர்மானம் போடும் நாம், இதற்கும் ஒரு தீர்மானம் போடுவோம்.

திருப்பூர்த் தோழர்களுக்கு ஒரு சொல். நீங்கள் தைக்கும் பனியனை எடுத்துப் பாருங்கள். கை வேறு துண்டு, உடல் வேறு துண்டு, கழுத்துப்பட்டி வேறு துண்டு. வேறு வேறு துணிச் சுருளிலிருந்து வெட்டியவையாகவும் இருக்கலாம். ஓவர்லாக்கில் ஓட்டி இணைத்தபின், 'இது மாற்றாந்துண்டு' என்று எவனாவது சொல்கிறானா? தையல் நன்றாக இருந்தால், துணி கிழிந்தாலும் தையல் பிரியாது. தையல் கோணினால் செக்கிங்கிலே திருப்பி அனுப்புகிறோம். துண்டைப் பழிப்பதில்லை, மறுபடி தைக்கிறோம். கடல் கடந்த நாட்டானுக்கு இவ்வளவு நேர்த்தியாகத் தைத்து அனுப்பும் ஊர், தன் பக்கத்து வீட்டுக் குடும்பத்தை மட்டும் பிரித்துப் பார்ப்பது தகுமா?

அந்த மாணவிக்குக் காலம் கடந்து விடை சொல்கிறோம். "இல்லையம்மா, உன் சின்னம்மா அப்படி இல்லை. அப்படிப் பேசிய நாங்கள்தான் தவறு." இந்த ஆண்டு விழாவுக்கும் மாநில உரிமை பற்றிச் சொற்பொழிவு எழுதித் தந்திருக்கிறோம். டில்லியைச் சென்ற ஆண்டைவிடக் கடுமையாகவே சாடியிருக்கிறோம். அந்தச் சொல் அதிலே ஓரிடத்திலும் இல்லை. கையொலி குறையுமோ என்று பையன் கேட்டான். குறையட்டும் என்றோம்.